வேர்க்கும் நாற்காலிகள்

தூத்துக்குடி
3.10.1977, திங்கள், காலை 5.50

அக்கா,

முப்பத்தாறு நாற்காலி. கிருபையின் லாரியில் உப்பு மூட்டைகளுக்கு மேல் கவிழ்த்து அடுக்கியாச்சு. வண்டி கிளம்பக் கால் மணி நேரம் இருக்கு, அதற்குள் இதை எழுதி அவன் கையிலேயே கொடுக்கிறேன். இறக்கும்போது நீயே நின்று எண்ணிக்கோ. கிருபை நல்ல டிரைவர்தான். ஆனால் வழியில் எவனாவது "நல்லாருக்கேண்ணே" என்று சொன்னால் ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வருகிற ஆள்.

உன் பால்வாடிப் பிள்ளைகள் மழைக்காலத்தில் ஈரத் தரையில் உட்கார்ந்து சளி பிடித்துக் கிடக்கிறது என்று சித்திரையில் எழுதியிருந்தாய். அன்றைக்கு ஆரம்பித்த வேலை இது. துறைமுகப் பணிமனையில் என் ஷிப்ட் முடிந்த பிறகு நானும் செபாஸ்டினும் அவன் பட்டறையில் செய்தோம்.

எதில் செய்தது என்று கேட்பாய். சட்டமெல்லாம் டன்னேஜ் மரம். கப்பலில் சரக்கு உருளாமல் இருக்க முட்டுக் கொடுக்கிற பலகை இருக்கே, அது. சரக்கு இறங்கியதும் அதை யாரும் சீந்துவதில்லை, விறகுக்குப் போகும். உட்காருகிற இடம் பனந்தும்பு, பனை மட்டையில் எடுக்கிற நார். பிரஷ் செய்ய ஆகாது என்று ஏற்றுமதிக்காரர்கள் கழித்துப் போட்ட கட்டைத் தும்பை வாங்கி, கயிறாகத் திரித்துப் பின்னியிருக்கிறோம். ஆணிகூட மர ஆணி. கரையான் ஏறக்கூடாது என்று மரம், கயிறு எல்லாவற்றையும் செல்வதுரையின் உப்பளத்தில் ஒரு மாதம் ஊறப் போட்டு வெயிலில் காய வைத்தேன். அளத்து மடையில் இருபது வருஷமாகக் கிடக்கிற பலகையைக் கரையான் தொட்டதில்லை, நான் பார்த்திருக்கேன். ஆக, கடையில் வாங்கின பொருள் ஒன்றுகூட இதில் இல்லை. இந்தச் சீமையில் வேண்டாம் என்று எறிந்ததை வைத்தே இந்தச் சீமைக்கு வேண்டியதைச் செய்யலாம். இரண்டு வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருப்பது இதுதான்.

அதனால் பெயிண்ட் அடிக்காதே, வார்னிஷும் வேண்டாம். அடித்தால் நான் செய்ததற்கு அர்த்தமில்லை.

முன் மூலை இரண்டிலும் கயிற்று முனையை வெட்டாமல் குஞ்சமாக விட்டிருக்கிறேன். முடிச்சு அவிழாது. பார்க்கவும் அழகு. பலம் பார்த்தாச்சு. செபாஸ்டின் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று குதித்தான். அவன் உடம்பு உனக்குத் தெரியும்.

நான் ஏன் கூட வரவில்லை என்று கேட்காதே. உன் கல்யாணத்தன்று ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில், கடை வைத்திருக்கிற உன் வீட்டுக்காரரைப் பார்த்து, "எங்க அக்காளையும் தராசுல வச்சா வாங்குதீக?" என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு வாசலுக்கு வரட்டும் என்று அவர் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, அவர் சொன்னதை மாற்றவும் இல்லை. நாற்காலிக்கு அந்தத் தடை கிடையாது.

கிருபை ஹாரன் அடிக்கிறான்.

வில்பிரட்

•

மாதா துணை

விளாத்திகுளம்
9.10.1977

அன்புத் தம்பி வில்பிரட்டுக்கு,

நாற்காலி வந்து சேர்ந்தது. முப்பத்தஞ்சுதான் இறங்கிச்சு. "ஏ கிருபை, ஒண்ணு எங்கப்பா?" என்று கேட்டால் தலையைச் சொறிகிறான். பிறகு பார்த்தால் அவன் சீட்டுக்குப் பின்னால் கிடக்கு, அவன் மகளுக்காம். "நீ நேரா என் தம்பிகிட்டக் கேளு, செஞ்சு தருவான்" என்று சொல்லி வாங்கி வைத்தேன். ஆளை நல்லாத்தான் எடை போட்டிருக்க.

பிள்ளைகளை நீ பார்க்கணுமே! தரையிலே உட்காரு என்றால் ஒண்ணுகூட உட்காரமாட்டேங்குது. தண்ணி குடிக்கப் போனாலும் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகுதுக. சமைக்கிற சண்முகத்தாய் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துவிட்டு, "எம்மா, கலெக்டருக்குச் செஞ்சதை உங்க தம்பி தப்பா நமக்கு அனுப்பிட்டாரோ?" என்றாள். நீ எழுதினதை அவளிடம் படித்துக் காட்டினேன். "கழிச்சுப்போட்ட நாரா இது? எங்க ஊர்ல சிங்காரிச்சுக் கட்டிக்கொடுத்த பிள்ளையளே இம்புட்டு நல்லா இல்லியே" என்கிறாள். உனக்குப் பெருமைதானே, அதனால்தான் எழுதுகிறேன்.

குறை சொன்னால் உனக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்லணும். காலையில் கதவைத் திறந்தால் நாற்காலியெல்லாம் ஈரம். கூரை ஒழுகவில்லை. மழையும் இன்னும் விழவில்லை. கையால் தடவினால் பிசுபிசு என்று இருக்கு. உச்சிப் பொழுதில் காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்குது. மறுநாள் காலையில் திரும்ப ஈரம். "நாற்காலிக்கு வேர்க்குதும்மா" என்று சண்முகத்தாய் சிரிக்கிறாள். பிள்ளைகளின் அம்மாக்கள் சிரிக்கவில்லை. பாவாடையெல்லாம் நனைந்து வீட்டுக்குப் போகுது இல்லையா? "எம் மக அங்கன போய்த்தான் மூத்திரம் பேயப் படிச்சிருக்கா" என்று ஒருத்தி நேற்று வந்து சண்டை பிடித்தாள்.

இன்னொரு கூத்து. பக்கத்து வீட்டு வெள்ளாடுகள். சன்னல் வழியாகத் தலையை நீட்டி நாற்காலியை நக்குதுக. விரட்டினால் போய் இன்னொரு சன்னலுக்கு வருதுக. பிள்ளைகள் அதைப் பார்த்து "ஆடு ஆடு" விளையாட்டு விளையாடுதுக. நாலு காலில் நின்று "ம்மே" என்று நாற்காலிக்கு முத்தம்.

ஒரு கோட்டு வார்னிஷ் அடிச்சிரட்டுமா? இவுக கடையிலேயே டப்பா இருக்கு.

இவுகளைப் பற்றி நீ எழுதினதை நான் இவுககிட்டக் காட்டவில்லை. காட்டாமலே தெரிஞ்சிக்கிட்டாக. லாரியில் நாற்காலி வந்த அன்று ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உன் தம்பிக்கு வாய்தான் மோசம், கை நல்ல கைதான்" என்றாக. அதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்பா எப்படி இருக்காக? என்னைப் பற்றி ஏதும் கேட்டாகளா?

உன் அக்கா
பிளாரன்ஸ்

•

தூத்துக்குடி
13.10.1977

அக்கா,

வார்னிஷ் கூடாது. ஒரு முறை எழுதியாச்சு.

ஈரம் ஒரு பிரச்சினையே இல்லை. நம் வீட்டில் சுவர் வேர்க்கும், கட்டில் வேர்க்கும், அலமாரிக்குள் வைத்த சட்டை வேர்க்கும். பட்டறையில் அத்தனை நாற்காலியும் மூன்று மாதம் இருந்தது. ஒரு நாளும் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. நீ அங்கே போய் இரண்டு வருஷத்தில் கரிசல்காட்டுக்காரி ஆகிவிட்டாய், பிசுபிசுப்பு என்றால் உனக்கு மறந்துபோச்சு. சாயங்காலம் நாற்காலிகளை வெயிலில் வைத்து எடு. ஒரு துணியால் துடை. போதும். வெள்ளையாகப் பூப்பது உப்பு. உப்பளத்தில் ஊறினதில் உப்பு இல்லாமல் சர்க்கரையா இருக்கும்?

ஆட்டைக் கட்டிப் போடச் சொல். அதற்கு நான் டிசைன் செய்ய முடியாது.

இப்போது முக்கியமான விஷயம். கவனமாகப் படி. உங்கள் யூனியன் பி.டி.ஓ. ஒரு வேலையாகத் துறைமுகத்துக்கு வந்திருந்தார். நான் நேராகப் போய்ப் பேசினேன். யூனியனில் உள்ள எல்லாப் பால்வாடிக்கும் நாற்காலி போட அவருக்கு உத்தரவு வந்திருக்காம். மதுரையிலிருந்து இரும்பு நாற்காலி வாங்குவதாக இருந்தார். "இரும்பு உங்க ஊர்ல விளையுதா சார்? பனை விளையுது" என்றேன். முகம் மாறிச்சு, ஆனாலும் கேட்டார். அக்டோபர் 31, திங்கட்கிழமை, உன் பால்வாடிக்கு வந்து பார்க்கிறார். பிடித்தால் அத்தனையும் எங்களுக்கே. செபாஸ்டின் பட்டறையைப் பெரிதாக்கலாம். உன்னிடத்திலேயே கயிறு திரிக்கிற பெண்களை வைக்கலாம். நான் இந்தப் பணிமனையில் கிரீஸ் துடைப்பதை நிறுத்தலாம்.

ஆகவே 31-ஆம் தேதி வரை அந்த நாற்காலிகள் நான் அனுப்பின மாதிரியே இருக்கணும். குஞ்சம் பிய்ந்திருக்கக் கூடாது.

அப்பா நன்றாக இருக்கிறார். கேட்கவில்லை. பொய் சொல்ல எனக்கு வராது.

வில்பிரட்

•

விளாத்திகுளம்
20.10.1977

தம்பி வில்பிரட்டுக்கு,

பி.டி.ஓ. வருகிற செய்தி கேட்டுச் சந்தோஷப்படணும். படத்தான் செய்தேன், ஒரு நாள்.

இங்கே பிள்ளைகளுக்கு வயிறு சரியில்லை. முதலில் இரண்டு பிள்ளை, பிறகு ஆறு, நேற்று எண்ணினால் பதினொன்று. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. தண்ணியாகப் போகுது. பத்து மணிக்குத் துள்ளிக்கொண்டு இருக்கிற பிள்ளை பதினொரு மணிக்கு வயிற்றைப் பிடிக்குது. போன ஐப்பசியில் வடக்குத் தெருவில் காலரா வந்து இரண்டு உயிர் போயிருக்கு, அதனால் ஊரே பயந்து கிடக்கு. சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து கிணற்றில் மருந்து போட்டார். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்துத்தான் கொடுக்கிறோம். கோதுமைக் கஞ்சிக்கு மாவை மாற்றினோம். சண்முகத்தாய் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிஞ்சு நிற்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு விசித்திரம். சனி, ஞாயிறு வீட்டில் இருந்தால் பிள்ளைகளுக்குச் சரியாகிவிடுது. திங்கட்கிழமை இங்கே வந்தால் அன்று சாயங்காலமே திரும்ப ஆரம்பிக்குது. இது எனக்குத் தெரிகிற மாதிரி ஊருக்கும் தெரியும் இல்லையா? "டீச்சரம்மா கடக்கரை ஆளு, என்னத்தைக் கலக்கிக் குடுக்கான்னு யாருக்குத் தெரியும்" என்று குழாயடியில் பேசினார்களாம். சொன்னவள் எனக்கு நல்லது செய்வதாக நினைத்துச் சொல்லிவிட்டுப் போனாள். இவுக கடைக்கு வருகிற கூட்டமும் குறைஞ்சிருக்கு. வாய் திறந்து சொல்லமாட்டாக. சாப்பிடும்போது தெரியும்.

உன்னிடம் எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன்? நீ டாக்டர் இல்லை. ஆனால் மிஷின் ஓடாவிட்டால் எதனால் என்று கண்டுபிடிக்கிறவன். யோசித்துப் பாரு.

நாற்காலிகளைத் தினமும் வெயிலில் வைத்துத் துடைக்கிறேன். பிள்ளைகளுக்கு இந்தச் சமயத்தில் அந்த நாற்காலி ஒன்றுதான் சந்தோஷம்.

பிளாரன்ஸ்

•

தூத்துக்குடி
24.10.1977

அக்கா,

யோசித்தேன். இது மிகச் சுலபம்.

வீட்டில் இருந்தால் சரியாகுது, பால்வாடிக்கு வந்தால் போகுது. அப்படியென்றால் காரணம் பால்வாடியில் இருக்கு. பால்வாடியில் வயிற்றுக்குள் போவது இரண்டு: தண்ணீர், கஞ்சி. தண்ணீரைக் கொதிக்க வைக்கிறாய். மிச்சம் கஞ்சி. மாவை மாற்றியாச்சு. அப்புறம் மிச்சம் அதைச் செய்கிற கை. அந்தச் சண்முகத்தாயின் கை. சோப்புப் போடுகிறாள் என்கிறாய், நகத்தைப் பார்த்தாயா? பாத்திரத்தை எங்கே கவிழ்த்து வைக்கிறாள்? வேறு ஆளை வைத்து ஒரு வாரம் பார். இயந்திரத்தில் இப்படித்தான் செய்வோம். ஒரு பாகத்தைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்போம்.

31-க்கு ஏழு நாள்தான் இருக்கு. பி.டி.ஓ. வரும்போது பாதிப் பிள்ளைகள் வராமல் இருந்தாலோ, அவர் முன்னாலேயே ஒன்று போய்விட்டாலோ எல்லாம் கெட்டது. நாற்காலியைப் பார்க்க வந்தவர் வேறு எதையாவது பார்த்துவிட்டுப் போவார். இது சரியாகிற வரை எனக்குத் தூக்கம் இல்லை. செபாஸ்டின் பட்டறைக்குப் பக்கத்து இடத்துக்கு முன்பணம்கூடக் கொடுத்துவிட்டான். எனக்குச் சொல்லாமல் கொடுத்திருக்கான், மடையன்.

கடலோர ஆள் கலக்கிக் கொடுக்கிறாள் என்று சொன்னவள் பெயரை எழுது. நேராகக் கேட்கிறேன்.

வில்பிரட்

•

விளாத்திகுளம்
27.10.1977

வில்பிரட்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று சாயங்காலமே மகளிர் மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். நான் என் வாயால் சண்முகத்தாய் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் உன் கடிதம் என் மடியில் இருந்தது. அவர்கள் சொன்னபோது நான் தடுக்கவும் இல்லை. அவள் எழுந்தாள். சொந்தத் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, "வாரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். உன் பாகத்தைக் கழற்றியாச்சு. புதன்கிழமை வேறொருத்தி கஞ்சி காய்ச்சினாள். புதன்கிழமையும் ஒன்பது பிள்ளைக்குப் போச்சு. இன்றைக்கும்.

இதை நன்றாகக் கேட்டுக்கோ. மாடக்கண்ணு என்று ஒரு பையன், நாலு வயசு. நேற்று மத்தியானம் சுருண்டு விழுந்தான். இவுகதான் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாக. குளுக்கோஸ் ஏற்றியிருக்காக. போனது நின்றுவிட்டதாம், ஆனால் பையன் கையும் காலும் தொங்கப் போட்டுக் கிடக்கிறான். கூப்பிட்டால் கண்ணைப் பாதி திறக்கிறான், திரும்பச் சொருகிக்கிறான். காலராவுக்கு இப்படி இருக்காதே என்று டாக்டரே குழம்புகிறார்.

வில்பிரட், அந்தப் பையன் எங்கள் கஞ்சியைத் தொட்டதே கிடையாது. அவன் அம்மா சந்தேகம் பிடித்தவள், யார் கையிலும் வாங்கித் தின்னக்கூடாது என்று வீட்டிலிருந்தே தூக்குச் சட்டியில் சோறு கொடுத்து விடுவாள். தண்ணியும் அவள் கொடுத்து விடுகிற தண்ணிதான். இங்கே சாப்பிட்டதும் இல்லை, குடிச்சதும் இல்லை. அவன் இங்கே வந்து உட்காருவான். அவ்வளவுதான்.

எப்படி உட்காருவான் தெரியுமா? நாற்காலிக்கு முன்னால் முட்டி போட்டு, அந்தக் குஞ்சத்தை வாயில் வைத்துக்கொள்வான். மற்றப் பிள்ளைகள் விரல் சப்புகிற மாதிரி. முதலில் விளையாட்டுக்கு, "ஆடு ஆடு" என்று. பிறகு அதை விடவே மாட்டான். தூங்கும்போதும் அது வாயில் இருக்கும். எத்தனையோ தடவை பிடுங்கி எடுத்திருக்கிறேன், ஈரமாக இருக்கும், அவன் எச்சில் என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டு வெள்ளாடு இரண்டும் பத்து நாளாகக் கழியுதாம். இன்று காலையில்தான் அந்தம்மா பேச்சுவாக்கில் சொன்னாள்.

நான் ஒன்று கேட்கணும். நேற்றிலிருந்து கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். நீ அதுகளைச் செல்வதுரை அளத்தில் ஊறப் போட்டதாக எழுதினாயே, எந்தத் தண்ணீரில்? பாத்தியில் உப்பு விளையும் முன்னால் உள்ள தண்ணீரிலா? இல்லை, உப்பை வாரி எடுத்த பிறகு அடியில் எண்ணெய் மாதிரி மஞ்சளாக, கசப்பாக மிச்சம் கிடக்குமே, அதிலா?

உடனே எழுது.

பிளாரன்ஸ்

•

தந்தி. தூத்துக்குடி, 29.10.1977

நாற்காலிகளை வெளியே தூக்கிப் போடு. ஒரு பிள்ளையும் தொடக்கூடாது. டாக்டரிடம் பேதி உப்பு என்று சொல். கடிதம் லாரியில் வருகிறது. வில்பிரட்.

•

தூத்துக்குடி
29.10.1977, சனி, மாலை

அக்கா,

இதோடு தனியாக ஒரு தாள் இங்கிலீஷில் இருக்கு. இந்தக் கடிதத்தைப் படிக்கும் முன் அதை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்து அனுப்பு. கிருபை வாசலில் நிற்பான், அவன் வண்டியிலேயே போகட்டும். அனுப்பிவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

அந்தத் தண்ணீர்தான். நீ கேட்டதில் இரண்டாவது.

அதில்தான் கரையான் வராது என்று நினைத்தேன், அது சரியாகவும் இருந்தது. அளத்துக்காரர்கள் கால்வாயில் திறந்து விடுகிற கழிவு அது. கழிவு என்றதுமே எனக்கு அது தங்கமாகத் தெரிந்தது. அதில் என்ன இருக்கு என்று எனக்குத் தெரியாதா? மெக்னீசியம். பாலிடெக்னிக்கில் சேரும் முன்பே பியூசியில் படித்தது. மெக்னீசியம் குளோரைடு காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். அதனால்தான் உன் நாற்காலிக்கு வேர்த்தது. நம் ஊரில் எல்லாமே வேர்ப்பதால் இங்கே யாருக்கும் தெரியவில்லை. மெக்னீசியம் சல்பேட் என்பது வேறொன்றுமில்லை, பேதி உப்பு. சின்ன வயதில் அம்மா நம் இரண்டு பேர் மூக்கையும் பிடித்து வாயில் ஊற்றினாளே, அதேதான். இரண்டு பெயரும் எனக்குத் தெரியும். இரண்டையும் பரீட்சையில் எழுதியிருக்கேன். நாற்காலி செய்யும்போது அது மரத்துக்கு மருந்து என்பதைத் தவிர ஒன்றும் என் தலையில் இல்லை. செபாஸ்டினை ஏற்றிக் குதிக்க வைத்துப் பார்த்தேன். பிள்ளைகள் நாற்காலியில் உட்காரும் என்றுதான் நினைத்தேன், வாயில் வைக்கும் என்று நினைக்கவில்லை.

நீ அந்த ஈரத்தை எழுதின அன்றே எனக்கு உறைத்திருக்கணும். ஆடு நக்குது என்று எழுதினாய். ஆட்டைக் கட்டச் சொன்னேன்.

உன் கடிதம் இன்று பதினொரு மணிக்கு வந்தது. படித்ததும் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், நம்ப விருப்பமில்லை. பட்டறையில் மாதிரிக்கு வைத்திருந்த நாற்காலியில் ஒரு குஞ்சத்தை அறுத்து ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டேன். இன்னொன்றை வாயில் வைத்துக்கொண்டேன். முதலில் உப்புக் கரித்தது, பிறகு கசந்தது. அரை மணி நேரம் சப்பினேன். ஒன்றும் ஆகவில்லை. அப்பாடா என்று இருந்தது. அப்புறம் டம்ளர் தண்ணீரையும் குடித்தேன். அங்கேதான் தப்புக் கணக்கு. இதை எழுதுகிற நேரம் வரை எத்தனை தரம் பின்பக்கம் ஓடினேன் என்பது செபாஸ்டினுக்குத்தான் தெரியும். அவன் கதவுக்கு வெளியே நின்று சிரிக்கிறான், "ஏலே, மரத்துக்குக் கரையான் வராது, உனக்குக் குடலே மிஞ்சாது" என்கிறான். சிரித்துவிட்டு, கொடுத்த முன்பணத்தை நினைத்து அவனும் இடிந்து உட்கார்ந்திருக்கிறான்.

நடுவில் மருந்துக்கடைக் கம்பவுண்டரிடம் போய்க் கேட்டேன். பெரிய ஆளுக்குப் பேதியோடு போய்விடும், சின்னப் பிள்ளைக்கு நாள் கணக்கில் உள்ளே போனால் ரத்தத்தில் சேர்ந்துவிடும் என்றார். சேர்ந்தால் கை கால் துவண்டு போகும், கண் சொருகும், மூச்சு மந்தப்படும். நீ எழுதின அதே வார்த்தைகள். அதற்கு மாற்று ஊசி உண்டு, ஆனால் எதனால் என்று டாக்டருக்குத் தெரிந்தால்தான் போடுவார் என்றார். அங்கிருந்தே தபாலாபீசுக்கு ஓடித் தந்தி கொடுத்தேன். சனிக்கிழமை, எப்போது உன் கைக்கு வருமோ, அதனால்தான் இதையும் கிருபையிடம் கொடுக்கிறேன்.

நானே இந்த லாரியில் ஏறி வந்திருக்கணும். வர முடியாத நிலை. கிருபை ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டான், அவன் சொல்வதும் நியாயம்.

ஒன்றை மறைத்து எழுத எனக்கு வராது. செபாஸ்டின் சொன்னான்: "திங்கக்கிழமை பி.டி.ஓ. பார்த்துட்டுப் போவட்டும். ஞாயித்துக்கிழமை சத்தமில்லாம நாலு தடவை நல்ல தண்ணில கழுவிருவோம். பிள்ளையளுக்குத் தானா நின்னுரும். யாருக்கும் தெரியாது. வேலைக்காரியை எப்படியும் எடுத்தாச்சு." அவனை நான் திட்டவில்லை. அவன் சொல்வதற்கு முன்னாலேயே, கம்பவுண்டர் கடைக்குப் போகிற வழியில், நானும் அதைத்தான் யோசித்தேன். எந்தப் பஸ், எத்தனை குடம் என்று வரைக்கும் யோசித்தேன். பிறகு கம்பவுண்டர் "மூச்சு" என்று சொன்னார்.

மாடக்கண்ணு எப்படி இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை நீ எழுதினது வரைதான் தெரியும். நடுவில் இரண்டு நாள் போயிருக்கு. நீ இதைப் படிக்கும்போது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இப்படி ஒரு விஷயத்தில் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருப்பது இதுதான் எனக்கு முதல் தரம்.

நாற்காலிகளைக் கிணற்றடியில் போடாதே, கழுவாதே. கழுவின தண்ணீர் ஆட்டுத் தொட்டிக்குப் போகும். காய்ந்த இடத்தில் போட்டு மேலே முள்ளை வெட்டிப் போடு. குஞ்சங்களை மட்டும் அறுத்து எரி, எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்படி எரி. இனி எவனும் அதைத் தேடக்கூடாது.

நாளை நான் செய்யப் போவது:

1. முதல் பஸ். நேராக ஆஸ்பத்திரி. அந்தத் தண்ணீரில் ஒரு புட்டி கொண்டு வருகிறேன், டாக்டரிடம் கொடுக்க. எவ்வளவு ஊறியது, எத்தனை நாள், எல்லாம் அவர் கேட்கிறபடி சொல்வேன்.

2. மாடக்கண்ணுவின் அம்மா அங்கே இருப்பாள். அவளிடம் செய்தது நான்தான் என்று என் வாயால் சொல்வேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன். நீ குறுக்கே வராதே.

3. சண்முகத்தாய் வீடு. வழி மட்டும் காட்டு, நீ கூட வரவேண்டாம். அவள் நகத்தைப் பற்றி எழுதினவன் நான்.

4. வயிறு கெட்ட மற்றப் பிள்ளைகளின் வீடுகள். நீ முன்னால் நட. நான் பேசுவேன்.

5. கடை. நான் வெளியே நிற்பேன். கல்யாணத்தன்று நான் பேசினது தப்பு என்று அத்தானிடம் சொல்வேன். உள்ளே கூப்பிடவேண்டும் என்பதற்காக இல்லை. அந்தப் பிள்ளையைத் தோளில் போட்டு ஓடினது அவர்.

6. திங்கட்கிழமை பி.டி.ஓ. வரும்போது ஒரு நாற்காலியை அவர் முன்னால் வைத்து, இது எதில் ஊறியது, என்ன செய்தது என்று சொல்வேன். கழுவினால் சரியாகுமா என்று கேட்டால் தெரியாது என்பேன். ஒரு வருஷம் சோதித்துப் பார்க்காமல் இனி ஒரு முக்காலிகூடக் கொடுப்பதில்லை. செபாஸ்டினுக்கு அவன் முன்பணத்தை நான் தருகிறேன்.

7. மாடக்கண்ணு கண் முழிக்காமல் இருந்தால் மேலே எழுதினதில் மூன்று முதல் ஆறு வரை இப்போதைக்குக் கிடையாது. ஒன்றும் இரண்டும் மட்டும்தான். அப்புறம் அங்கனயே இருப்பேன்.

வில்பிரட்